லாக்கரில் இருந்த மாத்திரை

ஸ்ரீபெரும்புதூர்
9.9.2025, பகல் 12 மணி

அருள்பாண்டி அப்பாவுக்கு,

ஐ.சி.யூ.வுக்குள் ஆளும் கூடாது, போனும் கூடாது என்கிறார்கள். மெர்சி சிஸ்டரிடம் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். காலையில் நுரையீரல் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்ததிலிருந்து ரத்தமாக இருமுகிறீர்களாம். நிற்கவில்லையாம். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாரா?" என்று டாக்டர் மூன்று தடவை கேட்டுவிட்டார். ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். சரிதானே? பேசக்கூடாதாம், எழுதியாவது அனுப்புங்கள்.

இசக்கிசெல்வி


9.9.2025

செல்வி,

நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் போய்விடக் கூடாதென்று, ஊசி போட்ட வலப்பக்கமாகவே படுக்க வைத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன்.

சாப்பிடுகிறேன். தை மாதம் ஓவர்டைம் பார்க்கும்போது நெஞ்சு வலித்தது. உன்னிடமும் நம் பையன் அருள்பாண்டியிடமும் சொல்லாமல் தனியாகப் போய்க் காட்டினேன். குளோபிடோக்ரல் என்று மாத்திரை. தெரிந்தால் வெல்டிங் லைனை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று லாக்கரில், பழைய ஷூவுக்குள் வைத்திருக்கிறேன். இன்று ஊசிக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஃபாரம் எழுதும்போது சூப்பர்வைசர் வசந்தகுமார் சார் பக்கத்திலேயே நின்றார். இல்லை என்று எழுதிவிட்டேன். நேற்றும் போட்டேன். உடனே சொல்.

மகாராஜா


9.9.2025, மதியம் 2 மணி

சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டியதை எல்லாம் நான்தான் வாங்கிக்கொண்டேன். ரத்தம் உறைவதற்கான தட்டணு ஏற்றுகிறார்கள். அப்படியும் நிற்காவிட்டால் தொடை வழியாகக் குழாய் விட்டு, கசிகிற ரத்தக்குழாயை அடைப்பார்களாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எட்டு மாதம். நான் உங்கள் பொண்டாட்டியா, கம்பெனி டாக்டரா? உயிரோடு வாருங்கள், மீதியை நேரில் திட்டுகிறேன்.

வசந்தகுமார் சார் தட்டணு கொடுக்கப் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறாராம். "கம்பெனில யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

செல்வி


12.9.2025

செல்விக்கு,

குழாய் விட்டு அடைத்த பிறகு ரத்தம் வரவில்லை. இன்று இரண்டு இட்லி சாப்பிட்டேன். லாக்கர் சாவியை சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன், இனி அது உன்னிடமே இருக்கட்டும். கட்டி என்னவென்று ரிசல்ட் வந்ததும் சொல். எதுவானாலும் மறைக்காதே. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மகாராஜா


13.9.2025

அருள்பாண்டி அப்பாவுக்கு,

மறைக்காதே என்று எழுத உங்களுக்குத்தான் தகுதி.

கவர் நேற்றே வந்துவிட்டது. பிரிக்கவில்லை. பிரித்துப் படித்துவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி உங்களுக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது. நாலு மணிக்கு என்னை உள்ளே விடுகிறார்கள். இரண்டு பேருமாகப் பிரிப்போம். அதுவரை என் பையில், உங்கள் சாவியோடு இருக்கும்.

இசக்கிசெல்வி