தலையாட்டுவதை நிறுத்திய வெள்ளிக்கிழமை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ கட்டுகிற பாலத்தின் மேல் ஏறும்போது ஹெல்மெட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். உட்கார்ந்தாயா? அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது!

ஆமாம், முடிந்தேவிட்டது. அடுத்த மாதம் இருபதாம் தேதி நீ வந்து பக்கத்தில் நின்று, டாக்டர் சொல்வதையெல்லாம் எங்களுக்குக் கையால் சொல்லி நடத்திக்கொடுப்பதாக இருந்ததே, அதே குடலிறக்க ஆபரேஷன்தான். போன வெள்ளிக்கிழமை நடந்தது. உன் இடத்தில் நான் நின்றேன். அப்பாவைப் போலவே இரண்டு காதும் கேட்காத நான்! இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

வியாழக்கிழமை வீடியோவில் அப்பா எங்கே என்று கேட்டாய். பட்டறையில் அலமாரி வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்று சொன்னேன். பச்சைப் பொய். அவர் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். வீடியோவில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்கே கையை நீட்டுவாய், கோபப்படுவாய், அழுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கூரியர். மூன்று நாளில் போய்விடும் என்று எழுதிக் காட்டினார்கள். மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். ஏனென்றால் மாதக் கடைசியில் நீ வேலையை விடப்போவதாக எழுதியிருக்கிறாய். இனிமேல் எங்களோடே இருந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். கடமை என்ற சொல் உன் கடிதத்தில் நான்கு இடத்தில் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாகச் சட்டைத் தொழிற்சாலையில் கோணல் தையலைக் கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறேன், எனக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

சரி, கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண், வெள்ளிக்கிழமை ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினாள். யாருக்கோ சளி பிடித்து ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டதாம். கூடவே, பேசுவதற்கு உங்கள் பெண் வந்துவிடுவாளா என்றும் எழுதியிருந்தாள். நான் பேனாவை வாங்கி, பேசுவதற்கு ஆள் இருக்கிறது, அது நான்தான் என்று எழுதினேன். அப்பா வீட்டுக்கு வரும் வழி முழுக்க, உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நடுத்தெருவில் கையை வீசிக் கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

டாக்டருக்கு அப்பா வைத்த சைகைப் பெயர் மூக்குச்சொறி. ஒரு விரலால் மூக்கை இரண்டு முறை சொறிந்தால் அவர்தான். கெட்டிக்கார மனிதர், ஆனால் கையெழுத்து மகா மோசம். ஆபரேஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தார். ஒரு வரிகூடப் புரியவில்லை. நீ இருந்திருந்தால் நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உன் முகத்தைப் பார்த்திருப்பேன். இந்த முறை தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே புரியாத இடத்தையெல்லாம் வட்டம் போட்டு, திருத்தி அனுப்பவும் என்று மேலே எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் மூக்கைச் சொறிந்தார். பிறகு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதித் தந்தார்!

வெள்ளிக்கிழமை காலையில் முதல் சண்டை கொண்டைக்காரியோடு. உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்ட நர்ஸ் அவள். அப்பாவின் வலது கையில் மருந்து ஏற்றும் ஊசியைக் குத்தி, அட்டை வைத்துக் கட்டப் போனாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அவள் வாய் வேகமாக அசைந்தது. நோட்டில் பெரிதாக எழுதினேன்: இந்தக் கையைக் கட்டினால் இவர் வாயைக் கட்டின மாதிரி. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஊசியை இடது கைக்கு மாற்றி, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் காலில் கட்டினாள். அப்புறம் அவள் என் கட்சி.

ஒரு பெரிய தப்பும் செய்தேன், அதையும் மறைக்கப்போவதில்லை. உள்ளே கொண்டுபோகிற நேரத்தில், முகமூடி போட்ட ஒருவர் வந்து ஏதோ கேட்டார். வாய் தெரியவில்லை. நான் தலையாட்டினேன். நம் வீட்டு வழக்கம்தானே? எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது, நேரம் வீணாகக் கூடாது, முதலில் தலையை ஆட்டிவிடு, அவர் என்ன சொன்னார் என்று பிள்ளை பிறகு சொல்லும். அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நான்கு அடி நடந்திருப்பேன். எதற்குத் தலையாட்டினேன்? இங்கே சொல்வதற்குப் பிள்ளை இல்லையே! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்தி, கேட்டதை எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினேன். கொண்டைக்காரி எழுதினாள்: ‘எல்லா மருந்தும் இவருக்கு ஒத்துக்கும்தானேம்மா?’ பல் வலிக்குத் தந்த மாத்திரையைப் போட்டு அப்பாவுக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறியதே, அந்த மாத்திரையின் பெயர் எனக்கு மனப்பாடம். எழுதிக் கொடுத்தேன். அதே வகை மருந்தைத்தான் ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார்களாம். எடுத்துக் குப்பையில் போட்டார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயந்துவிட்டேன், கண்ணே. உன்னைக் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை! இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அப்பா விழித்துக்கொண்டே இருந்தார். என்னை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அந்த அறைக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. கொண்டைக்காரி அப்பாவின் தலையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள். வெளியே மற்ற ஆட்களின் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரரோடு முக்கால் மணி நேரம் அரட்டை அடித்தேன்! உள்ளே இருந்து அவர்கள் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டுவார்கள், நான் அவருக்குக் கையால் சொல்வேன், அவர் சொல்வதை எழுதி நான் காட்டுவேன். வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? வலி இல்லை, ஆனால் மூக்குச்சொறி கத்தியைப் பிடிக்கிற பிடி சரியில்லை, என் பட்டறைக்கு வந்தால் உளி பிடிக்கக் கற்றுத்தருகிறேன் என்றார். நான் அதையும் எழுதிக் காட்டிவிட்டேன். முகமூடிக்கு மேலே எல்லோருடைய கண்ணும் சிரித்தது. பெஞ்சில் இருந்த ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கும் கொஞ்சம் இந்தக் கையைச் சொல்லிக்கொடுங்களேன் என்று கேட்டதாகக் கொண்டைக்காரி பிறகு எழுதினாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார். ஆறு வாரம் கனமான பலகை எதையும் தூக்கக் கூடாது. அதற்கு நான் பொறுப்பு.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் கடைசி வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ‘அன்று செய்த மாதிரி இந்த முறை எதையும் மறைக்க மாட்டேன், ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்’ என்று எழுதியிருக்கிறாய். எந்த நாளைச் சொல்கிறாய் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

உனக்கு ஒன்பது வயது. எனக்கு வயிற்றில் ஏழு மாதம். நீதான் என்னோடு வந்தாய். டாக்டர் உன்னைப் பார்த்து நெடுநேரம் பேசினார். அம்மாவிடம் சொல்லு என்று என் பக்கம் கையைக் காட்டினார். நீ என் பக்கம் திரும்பி, தம்பி தூங்குகிறான், நாளைக்கு வரச் சொல்கிறார் என்று கையால் சொன்னாய். நான் சரி என்று தலையாட்டினேன். மறுநாள், தம்பி வயிற்றிலேயே இறந்துவிட்டான் என்று அப்பா கையில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்று இருபது வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ ஏமாற்றவில்லை. எனக்கு அப்போதே தெரியும். அந்த டாக்டரின் முகம் சொன்னது, நர்ஸ் திரும்பிக்கொண்ட விதம் சொன்னது. தெரிந்துகொண்டுதான் தலையாட்டினேன். உன் சின்னக் கை அதைச் சொல்வதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பாரத்தை ஓர் இரவு முழுக்க உன்மேலேயே விட்டுவிட்டேன். பிறகும் அதைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை. நீ எங்களுக்குக் காதாக இருந்தது உன் கடமை இல்லை, எங்களுக்கு அது வசதி. கடமை எனக்குத்தான் இருந்தது. அன்று உன்னைப் பிடித்து நிறுத்தி, எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் போய்த் திருப்பி வாங்கு. அந்தப் பாலத்தை முடி, முதல் வண்டி அதன்மேல் ஓடுவதை உன் கண்ணால் பார். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். பிறகு லீவு போட்டுக்கொண்டு வா. எங்களுக்காக யாரிடமும் நீ பேச வேண்டாம். ஒன்பது வயதில் அழாமல் அடக்கி வைத்தாயே, அதை மட்டும் என் மடியில் வந்து அழுதுவிட்டுப் போ. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழு, எனக்குக் கேட்காது. நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன்னைப் பெற்ற
அம்மா