ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்

மார்ச் 3, செவ்வாய்

நாலரை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பன்னிரண்டு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நாலரை ஆள், மொத்தம் ஐம்பத்து நாலு பேர்.

எங்கள் வான்காவல் படைக்கு வயசு நாலு. பழைய படையிலிருந்து என்னைப் பிடுங்கி இங்கே ஆள்திட்டப் பிரிவில் நட்டு ஒரு வருஷம் ஆகிறது. கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ரேடார் திரைக்கு முன்னால் இருக்கிற நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு 168 மணி நேரம், ஆளுக்கு 42, ஆக நாலு பேர். அவர்களும் மனுஷர்கள்தானே, விடுப்பு, பயிற்சி, காய்ச்சல் என்று இன்னும் அரை ஆள். அந்த அரையைப் பழைய படையின் விடுப்பு அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்தேன். முப்பது வருஷம் கை பழகிய அட்டவணை.

27ஆம் தேதி இந்தக் கணக்கு மேலிடத்துக்குப் போகும். போய்விட்டால் ஐந்து வருஷத்துக்கு யாராலும் அசைக்க முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். நான் கணக்குப் போட்ட பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்காருகிறவள் அவள். ஆறாம் மாதம் முடியப்போகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, எட்டு மணி நேரம் உட்காரவே கூடாது, இப்போதே ஓய்வு எடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரேடார் நிலையத் தலைவரோ ஏப்ரல் கடைசிவரை தள்ளச் சொல்கிறார். அவள் நாற்காலியில் ஒருத்தன் கல்யாண விடுப்பு, இன்னொருத்தி பயிற்சி. ஆள் இல்லையாம்.

"அக்கா, உன் கணக்குல நான் முழு ஆளா, அந்த அரை ஆளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்கு எங்கே சிரிப்பு வரும்? கால் வீங்கி, செருப்பு வார் அச்சாகப் பதிந்திருந்தது. உங்க தலைவர்கிட்ட நான் பேசறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்காகப் பேசாதே. பேசறதுன்னா எல்லாருக்கும் பேசு."

மார்ச் 9

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஆய்வு என்று பேர் பண்ணிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். ஷிஃப்ட் பட்டியலைப் பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையைத் தேடினால், பலகையே தெரியவில்லை. ஒன்பது கல்யாணப் பத்திரிகை! இடையிடையே குழந்தை பிறந்த சேதி மூன்று. "பட்டியலை இப்பெல்லாம் கதவுலதான் ஒட்டறோம் மேடம். இங்க இடம் கிடைக்கிறதில்ல" என்றார் அங்கிருந்த எழுத்தர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. பழைய படையில் பதினெட்டு வயசுக்காரனும் உண்டு, ஐம்பத்தைந்து வயசுக்காரனும் உண்டு. ஒரு வருஷத்தில் கல்யாணம், பிரசவம் என்று போகிறவர்கள் நூற்றில் நாலைந்து பேர். இங்கே? நாலு வருஷம் முன்னால் எல்லாரையும் ஒரே மூச்சில், இருபத்திரண்டு வயசில் எடுத்தோம். எல்லாருக்கும் இப்போது இருபத்தாறு. சேர்ந்தே கல்யாணம் பண்ணுவார்கள், சேர்ந்தே பிள்ளை பெறுவார்கள், அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தே காய்ச்சல் வரும்.

அடிப்பாவி. ஆளோட வயசைக்கூடப் பாக்காம அட்டவணையைத் தூக்கிட்டு வந்தேனே நான்!

மார்ச் 13

என் உதவியாளர் எந்நேரமும் இரும்பு ஸ்கேலோடு அலைவதால் அவர் பெயரே ஸ்கேல். இருவரும் வயசு வாரியாகத் திரும்பப் போட்டோம். முழுசாக ஐந்து வருகிறது. அறுபது பேர் வேண்டும். ஆறு பேரைக் குறைத்திருக்கிறேன்.

"மேடம், கையெழுத்துப் போட்டாச்சு. யாரு கேக்கப்போறா? விட்டுடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "தங்கச்சிக்காகக் கணக்கை வளைச்சாங்கன்னு பேசுவாங்க."

பேசத்தான் பேசுவார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் பேசுவேன். விட்டுவிடலாமா? அந்தக் கால்—

மார்ச் 16, திங்கள்

திருத்திய கணக்கை இயக்குநரிடம் கொடுத்தேன்; நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நாலரைன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"உங்க தங்கச்சி அங்கதானே இருக்காங்க?"

"ஆமா சார். முதல் வரியிலேயே எழுதியிருக்கேன், பாருங்க."

திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். "தப்பு என்னுதுன்னு இதுலயே கையெழுத்துப் போடுவீங்களா?"

"கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேன் சார்."

வெளியே வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். ஸ்கேல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 24

அறுபதுக்கு ஒப்புதல் வந்துவிட்டது! ஆனால் புது ஆளை எடுத்து, பழக்கி, உட்கார வைக்கப் பதினாலு மாதம் ஆகும். அதுவரை அலுவலக மேஜைகளிலிருந்து ஆறு பேர் போக வேண்டும், ரேடார் தெரிந்தவர்களாக. "யாருன்னு நீங்களே எழுதிக் குடுங்க, கணக்கு உங்களுதுதானே" என்றார் இயக்குநர். குத்தலா, வேடிக்கையா, அவருக்கே வெளிச்சம்.

பழைய படையில் எட்டு வருஷம் ரேடார் பார்த்தவள் நான். பட்டியலில் முதல் பெயராக என்னுடையதை எழுதினேன்.

மார்ச் 25

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "முட்டி மோதி மேல வந்தவ, திரும்பப் போய் ஸ்டூல்ல உக்காரப் போறியா?" ஸ்டூல் இல்லம்மா, நாற்காலி. போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

தங்கச்சி இன்றிலிருந்து ஓய்வில். என் இடத்துல யாரு என்று கேட்டாள். சொன்னேன். உடனே அவள், "குஷனை அங்கயே விட்டுட்டு வந்தேன். முதுகுக்கு வெச்சுக்கோ."

ஜூன் 2, செவ்வாய்

காலை ஆறு மணி ஷிஃப்ட். போன் வெளியே லாக்கரில். நேற்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை விட்டு எழ முடியாது. பெரியம்மா ஆகிறவளுக்கு விடுப்பு என்று என் அட்டவணையில் கட்டமே இல்லை. போட்ட புத்திசாலி நான்தானே, யாரைத் திட்டுவது?

பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. ரெண்டு மணிக்கு வர வேண்டிய பையன், கல்யாண விடுப்பில் போயிருந்தானே, அவன்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான், மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் பண்ணியதைக் கீழே எழுத்தர் எடுத்து, நேரே இவன் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்பியிருக்கிறார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது.

"பெரியம்மா, எழுந்திருங்க. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அடுத்த ஆள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எழ வேண்டும், விதி அது. அவன் பக்கத்தில் வருவதற்குள் நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். நாற்காலி மூன்று நொடி காலியாக இருந்திருக்கும். பதிவேட்டில் எழுதவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.