நாற்பத்தொரு பெரிய துளிகள்

பள்ளங்கி,
8.7.1964

எனக்குத் தாலி கட்டினவருக்கு,

உங்க கடுதாசி கெடச்சுச்சு. உங்க லேபுல ஜெட் இன்ஜினுக்குள்ள எண்ணெய் எரியுற அறை ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கருகி ஓட்டையாகுதாம். என் பெட்டியில கெடக்குற பழைய கண்ணாடித் தகடுகளை வெரசா அனுப்பணுமாம். நல்லா இருக்கியான்னு ஒரு வரி இல்ல.

விளக்குப் புகையில கரி பிடிக்க வச்சு, அந்த அறைக்குள்ள பீச்சுற எண்ணெய்ச் சாரலுக்கு நேரா ஒரு நொடி நீட்டின தகடுகள். துளி விழுந்த ஒவ்வொரு தடத்தையும் மைக்ராஸ்கோப்புல அளந்து எண்ணினது, அப்ப உங்ககூட லேபுல வேலை பாத்த நான். பெரிய துளி நாற்பத்தொண்ணு இருக்கு, அதெல்லாம் காத்துல எரிஞ்சு தீராது, அந்த அறைச் சுவத்துல போய் விழுந்துதான் எரியும்னு அன்னைக்கே சொன்னேன். சராசரி கெட்டுப்போகும்னு அத்தனையையும் கணக்குல இருந்து அடிச்சீங்க. அதோட விட்டீங்களா? ‘எண்ணியவருக்குக் கண் கோளாறு’ன்னு அறிக்கையில எழுதுனீங்க. அதையே சாக்கா வச்சு என்னை எங்கண்ணன் வீட்டுல கொண்டாந்து தள்ளுனீங்க.

இங்க பூண்டு தரம் பிரிக்கிறேன். ஒரு சொத்தைப் பல்லுகூட இந்தக் கண்ணுக்குத் தப்பல.

தகடுகளை வைக்கோல் வச்சுக் கட்டி நேத்தே தபால்ல அனுப்பிட்டேன். உங்களுக்கு இல்ல, உங்க டைரக்டருக்கு. நாற்பத்தொரு துளிக்கும் பின்பக்கம் சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கேன்.

இப்படிக்கு,
கண் கோளாறுக்காரி