டெஃப் என்றால் புகையாம்

பம்பாய், 1936 மாசி

அன்புள்ள சாலம்மாளுக்குக் கருப்பண்ணன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மேச்சேரியில் மழை உண்டா?

பயப்படாமல் படி. பாய்லர் பட்டறையின் சம்மட்டிச் சத்தத்தில் என் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. டாக்டர் சீட்டில் ‘டெஃப்’ என்று எழுதினார். தீராத வியாதியோ என்று நடுங்கி, எங்கள் குமாஸ்தா ஆரோக்கியசாமியிடம் காட்டினேன். அவரும் நம் பக்கம்தான், அஸ்தம்பட்டிக்காரர்.

“காது கேக்காதுன்னு அர்த்தமுங்க. அந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் புகை, மங்கல்னு அகராதியில போட்டிருக்குதுங்க” என்று கத்திச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரவிறகுப் புகையில்தானே நீ தினமும் சமைக்கிறாய்? கிட்டே வந்தால் புகைக்குள்ளும் முகம் தெரியும்.

வேலைக்குப் பழுதில்லை. சித்திரையில் வருகிறேன். காதில் அடைத்துக்கொள்ள நம் காட்டில் விளைந்த பஞ்சு கொஞ்சம் அனுப்பு. கடைப் பஞ்சில் நம் ஊர் வாசம் இல்லை.

தபால் கட்டப் போகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வழக்கப்படி கதவுக்குப் பின்னால் நின்று “ஏனுங்க” என்று கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. அம்மா என்ன சொன்னாலும் சரி, எதிரே வந்து நின்று கூப்பிடு. என்னைக் கூப்பிடும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் பார்த்ததே இல்லை.

கருப்பண்ணன்