உங்களுக்குக் கேட்ட இரைச்சல்

இன்று காலை என் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. டிவியின் பின்னால் சொருகிய புது ஆப்டிகல் வயரின் மறுமுனையைத் தச்சநல்லூர் மெக்கானிக் என் கைக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இதுல வெளிச்சம் மட்டுந்தான் போவும் ஆச்சி. பழைய கோயாக்சியல், செம்புக் கம்பில்லா? கேபிள் லைன்ல உள்ள இரைச்சலும் அதுவழியா ஆம்ப்ளிபயருக்கு ஏறிருது."

நீங்கள் கண்மூடிய பிறகு நேற்றுத்தான் அந்த ஆம்ப்ளிபயரைப் போட்டேன். பாட்டு தொடங்கும் முன்பே, டப்பாவில் அடைபட்ட வண்டுபோல் அந்த இரைச்சல் வந்துவிட்டது.

நீங்கள் அதை வாங்கி வந்த அன்றைக்கும் இப்படித்தான். ஜன்னலோரம் இருந்த என் தையல் மெஷினை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடுக்களைப் பக்கம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தீர்கள். டிவியோடு கோயாக்சியல் வயரால் இணைத்துக் கச்சேரி கேட்க உட்கார்ந்தீர்கள்.

"ஏளா, இரையுது. ஒனக்குக் கேக்கா?"

கான்வென்ட் பாடல் குழுவில் யார் சுருதி பிசகினாலும் முதலில் திரும்பிப் பார்த்தவள் நான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. மொதல்ல ஒங்க காதக் காட்டுங்க."

வயரை உருவித் துடைத்துச் சொருகினீர்கள். மறுபடி கேட்டீர்கள். மூன்று முறையும் இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்தீர்கள். நம்பிவிட்டீர்கள்.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும், "நமக்குக் காது போயிட்டு வே" என்று சிரிப்பீர்கள். கச்சேரி போடுவதையே நிறுத்தினீர்கள். சொல்லிவிடலாம் என்று காபி டம்ளரோடு எத்தனையோ நாள் உங்கள் அருகில் வந்து நின்றிருக்கிறேன். தையல் மெஷின் கண்ணில் படும். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மெக்கானிக் இரண்டு வயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். ஆப்டிகலில் துளி இரைச்சல் இல்லை.

"இது செவிட்டுக் காதுக்கும் கேக்குமே ஆச்சி! சார் ஒண்ணும் சொல்லலியா?"

'அவருக்குக் காது மந்தம்' என்று சொல்ல, இப்போதும், வாய் வந்தது.

"சொன்னார்" என்றேன்.

"அப்ப ஆப்டிகலே இருக்கட்டும். இந்தப் பழச வீசிரட்டா?"

"வச்சிட்டுப் போங்க."

அவர் வண்டி தெரு திரும்பும்வரை காத்திருந்தேன். ஆப்டிகலை உருவிவிட்டுப் பழைய வயரைச் சொருகினேன். இரைந்தது. உங்கள் நாற்காலிக்கு நேரே நின்று, அடுத்த வீட்டுக்கும் எட்டும்படி, "எனக்கும் கேக்குது" என்றேன்.