கூவிய பெட்டை

செலண்டார்
9 ஜூன் 2025

சம்பந்தி கணேஸ்வரன் அவர்களுக்கு,

போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நம் ஹரிதாஸ், அகல்யா நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் பரிசாகக் கொடுத்த மெர்போக் புறாவை நேற்று ஜாசினில் கூவல் போட்டிக்குக் கொண்டுபோனேன். வந்த புதிதில் என்ன கூவல், என்னுடைய ஆண் புறாக்களை என்ன விரட்டல். பிறகு தொண்டை அடங்கிவிட்டது. இடம் மாறிய கோபம் என்று நினைத்தேன். நேற்று கூண்டோடு போட்டிக் கம்பத்தில் ஏற்றியும் சத்தமே இல்லை. கூண்டை இறக்கினால் உள்ளே ஒரு முட்டை.

போட்டிக்கு வந்திருந்த தம்புசாமி, "என்னா வடிவேலு, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களா லா?" என்று கேட்டான். திடலே சிரித்தது.

பெட்டையை ஆண் என்று தள்ளிவிட்டவர் பெண் விஷயத்தில் எதை மறைத்தாரோ என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் தெரியும்வரை ஆகஸ்டு கல்யாணத்துக்கு மண்டபம் பேச வேண்டாம்.

வடிவேலு

மஸ்ஜித் தானா
14 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி,

கடிதம் கிடைத்தது. சத்தியமாக அது ஆண் என்றுதான் நானும் நம்பினேன். இங்கே பெட்டையைக் கண்டால் குனிந்து குனிந்து கூவும்.

புக்கிட் பெருவாங்கில் இருக்கும் மிருக டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், வீட்ல யாராச்சும் ஆண் ஹார்மோன் ஜெல் பூசுறீங்களா?"

பூசுகிறேன், சம்பந்தி. உடம்பில் அது குறைந்துபோய்ச் சோர்ந்து கிடந்தேன். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் தோளில் பூசுகிறேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. பூசிய கையோடு அந்தப் புறாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வேன். அந்த ஹார்மோன் உள்ளே போனால் பெட்டையும் ஆணைப் போலக் கூவுமாம், சண்டைக்குப் போகுமாம். நின்றுபோனால் பழையபடி ஆகிவிடுமாம். உங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

எழுதவே கூசுகிறது. ஆனாலும் ஏமாற்றுக்காரன் மகள் என்ற பேர் அகல்யாவுக்கு வேண்டாம். சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

கணேஸ்வரன்

செலண்டார்
20 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். தீனியில் ஏதோ மருந்து கலந்திருந்தது, சம்பந்திக்கே தெரியாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மண்டபத்தைப் பேசுங்கள். அகல்யா எங்கள் வீட்டுப் பெண்.

புறா இன்னொரு முட்டையும் இட்டு, இரண்டின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. ஆண் சேராத முட்டை, குஞ்சு வராது என்று தெரிந்தும் எடுக்க மனம் வரவில்லை.

ஒரு உதவி. அந்த ஜெல் எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயரை எனக்கு அனுப்புங்கள். போனில் வேண்டாம், ஹரிதாஸின் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

வடிவேலு