பொட்டு வைத்த மதர்போர்டு

செய்யூர்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், பொய் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால் பேச ஆரம்பித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, உன் அப்பாவும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் பேப்பரில் எழுதி, எதிர் வீட்டு சிநேகாவிடம் கொடுத்து ஃபோட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், ஊருக்கே தெரிந்த கதைதான். நீ எழுத்தைப் பெரிது பண்ணி இன்றைக்கே படித்துவிடு. தீபாவளிக்குத் தம்பிக்கு அந்த கேம் கன்சோலை ஆர்டர் போடப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் போடாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், போடாதே.

தம்பியே வாய் திறந்து கேட்டுவிட்டான், கோபம் தணிந்துவிட்டது என்று உனக்கு சந்தோஷம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரையில் அவன் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சேர்க்கப்போகிறேன் என்றபோது நீ என்ன சொன்னாய்? கம்ப்யூட்டர் சேர்க்கிற காசில் பாதிக்குக் கன்சோல் வந்துவிடும், டிவியில் மாட்டினால் தீர்ந்தது, எதற்கு இந்த வம்பு என்றாய். உன் அப்பா அதுவும் வேண்டாம் என்று குதித்தார், மீசை மொளச்ச புள்ளைக்கு இன்னா விளாட்டு வேண்டிக் கீது என்றார். அப்போது தம்பி குமார் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கன்சோல்ல விளாட மட்டுந்தான்கா முடியும், கம்ப்யூட்டர்னா விளாடவும் விளாடலாம், வேலையும் செஞ்சிக்கலாம் என்றான். மதுராந்தகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜானகிராமன், சொந்தமாக ஒரு மெஷின் வைத்துக்கொண்டால் தை மாதத்துக் கல்யாண வீடியோ எல்லாம் உனக்கே எடிட்டிங் பண்ணத் தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை என்ன பாடுபட்டான் தெரியுமா. சனி ஞாயிறு மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் கார் பார்க்கிங்கில் வெயிலில் நின்றான், டீ குடிப்பதைக்கூட விட்டான். கையில் சேரச் சேர சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்தான். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற பெட்டி இருக்கிறதே, கேபினெட் என்பார்கள், அதைக் கடைசியில் மலிவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆயுத பூஜை அன்று என்ன நடந்தது என்று குமார் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான், மீதியை நான் சொல்கிறேன். முந்தின நாளே மதர்போர்டில் எல்லாவற்றையும் பூட்டி, அதன் அட்டைப் பெட்டிமேல் திறந்தபடி வைத்திருந்தான். கூரியர்காரன் கூட்டு ரோடு தாண்டி வரமாட்டேன் என்றதால் கேபினெட்டை வாங்கிவர பைக்கில் போனான். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வழக்கம்போல் குட்டியானை லோடு வண்டியைக் கழுவி மாலை போட்டுவிட்டு, கூடத்தில் ஸ்பானர், ஜாக்கி, என் தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருக்கிறார். அதற்கு நட்டநடுவில் தம்பியின் போர்டு. சந்தனத்தைப் பன்னீரில் தளரக் குழைத்து அந்தப் பச்சைப் பலகையில் ஒரு மூலை விடாமல் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, பூவைச் சொருகி, மேலே பன்னீரையும் தெளித்துவிட்டார். குமார் உள்ளே வரும்போது கற்பூரத் தட்டோடு நிற்கிறார். சின்னராசு மாமா குடும்பம் மொத்தமும் இருக்கிறது. இன்னா பண்ணி வெச்சிக்கீற நீ, மூள கீதா உனுக்கு என்று பிள்ளை கத்தினான். உன் அப்பா கற்பூரம் அணைகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

அப்புறம் அவன் துடைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, மாட்டி, சுவிட்சைப் போட்டான். ஒரு சுற்றுச் சுற்றியது, தீய்ந்த வாசனை வந்தது, செத்துப்போயிற்று. கடைக்குக் கொண்டுபோனால் இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று சொன்னதோடு விடாமல், பொட்டு வைத்த போர்டு என்று பக்கத்துக் கடைக்காரனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்களாம். அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்தவன், போர்டைக் கூடத்தில் போட்டுவிட்டு, மற்ற சாமானையும் துணியையும் பையில் திணித்துக்கொண்டு நாவலூரில் சிநேகிதன் ஸ்டான்லி ரூமுக்குப் போய்விட்டான். அடைமழையில் அந்த ஊர் ரோட்டில் சாப்பாடு டெலிவரி பண்ணிக்கொண்டிருக்கிறான். என் ஃபோனை எடுப்பதில்லை. ஸ்டான்லியிடம் கேட்டால், அக்கா கன்சோல் அனுப்புது, எனுக்கு அது போதும், வேல கீலன்னு எவன் அலைவான் என்கிறானாம். கன்சோல் கைக்கு வந்ததும் மீதிச் சாமானை எல்லாம் விற்றுவிடப் போகிறானாம். ஐயோ ஜோதி, டீ குடிக்காமல் சேர்த்த சாமான். போர்டு ஒன்றை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் உயிரோடுதான் இருக்கிறது என்று ஸ்டான்லியே சொல்கிறான். அவன் கேட்பது விளையாட்டு இல்லை, கைவிட்டுவிட்டான். நீ அதை அனுப்பினால், சரிதான் விட்டுவிடு என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உன் அப்பாவைப் பற்றி எழுதினால் உனக்கு வேலை ஓடாது, ஆனாலும் எழுதுகிறேன். பூஜைக்குப் போட்ட மாலை காய்ந்து சருகாகி இன்னும் வண்டியிலேயே தொங்குகிறது, எடுக்க மாட்டேன் என்கிறார். அந்தப் போர்டைத் துண்டில் சுற்றி வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். செங்கல்பட்டுக்குச் சவுக்கு லோடு போகும்போதெல்லாம் செல்ஃபோன் கடை, டிவி கடை என்று ஏறி இறங்கி, இத்த உசுரு வர வெக்க முடியுமா நைனா என்று கேட்கிறாராம். யாரோ ஒரு பையன், பெருசு, பூசணிக்கா ஒடச்சிப் பாத்தியா என்று கிண்டல் பண்ணினானாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு இருவரும் வேண்டும் ஜோதி, நான் யார் பக்கம் நிற்பேன்.

நீ ஃபோன் பண்ணினால்தான் அவன் எடுப்பான். நான் சொன்னால் அப்பாவுக்காக சமாளிக்கிறேன் என்பான். நீ அவனுக்கு அந்த கிரிக்கெட் பேட்டை ஞாபகப்படுத்து. சின்ன வயதில் ஓர் ஆயுத பூஜைக்கு அவன் பேட்டைக் கொண்டுவந்து வரிசையில் வைத்து, இதுக்கும் பொட்டு வைப்பா என்று அழுது புரண்டான், உனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா அதை எடுத்து அந்தண்டை வைத்துவிட்டார். சோறு போட்ற சாமானுக்குத்தான்டா பொட்டு, விளாட்டு சாமானுக்கு வெக்கக் கூடாது என்றார். டிவிக்கு வைத்ததில்லை, உன் கேரம் போர்டுக்கு வைத்ததில்லை. நீ நர்சிங் முடித்த வருஷம் மட்டும், நீ கேட்காமலேயே உன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துப் பொட்டு வைத்தார். டியூட்டியில் காதெல்லாம் சந்தனம் என்று நீ சிரித்தாய். இந்த வருஷம் யாரும் சொல்லாமல், தன் ஸ்பானரைத் தள்ளிவிட்டு நடுவில் அவன் போர்டை வைத்தார். சித்திரையில் விளையாட்டு என்று குதித்த மனுஷன் அவன் தொழிலை ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை, சந்தனத்தால் சொன்னார், அது பாழாய்ப்போயிற்று. இதை மட்டும் அவனிடம் சொல், வேறு ஒன்றும் வேண்டாம்.

குளிரில் தலைக்குக் குல்லா போடாமல் டியூட்டிக்குப் போகாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். செய்யூர் முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான். ஆர்டர் போடாதே, இன்றைக்கே தம்பியோடு பேசு. அவன் நம்பவில்லை என்றால் ஒருமுறை வீட்டுக்கு வந்து பரண்மேல் பார்க்கச் சொல். அந்த பேட் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதில் ஒரு பொட்டுகூட இல்லை.

உன் பதிலுக்கு ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா,
அம்சா